கோப்பைத் திறக்கவிடுவது யார்? லினக்ஸ், விண்டோஸ், மேக் அனுமதிகள்: ஓர் எளிய விளக்கம்

"பெர்மிஷன் டினைட் வருதா? 777 போட்டுடுங்க, சரியாயிடும்." சர்வர் பக்கம் கொஞ்ச நாள் புழங்கிய யாரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. (பெர்மிஷன் டினைட் என்பது அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழை; 777 என்பது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் எண்.) விண்டோஸ்காரர்களிடம் இதே அறிவுரை வேறு உடையில் வரும்: "செக்யூரிட்டி டேபுக்குப் போய் எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துடு." பல நேரம் வேலையும் நடந்துவிடும். தொல்லையே அதுதான். எது தடுத்தது என்று தெரியாமலே எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சில நேரம் 777 போட்ட பிறகும் அதே பிழை வந்து நிற்கும். அப்போது என்ன செய்வது என்று அந்த அறிவுரையில் இல்லை.

கோப்பு அனுமதி உண்மையில் கடினமான விஷயம் அல்ல. ஆனால் லினக்ஸில் கற்றதை விண்டோஸிலும், விண்டோஸில் கற்றதை மேக்கிலும் அப்படியே பொருத்திப் பார்ப்பதால் சிக்கலாகிவிடுகிறது. ஒவ்வொன்றும் ஒரே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது. அந்தக் கேள்வி என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

## பூட்டு எங்கே இருக்கிறது?

பெரும்பாலோர் மனதில் இருக்கும் படம் பூட்டுதான். கோப்பின் மேல் ஒரு பூட்டு தொங்குகிறது, அனுமதி என்பது சாவி, சாவி இருந்தால் திறக்கும். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் பாதி விஷயம் புரியாமலே போகும். கோப்பு என்பது டிஸ்கில் கிடக்கும் பைட்டுகள். அதற்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரியாது.

இப்படிப் பாருங்கள். ஓர் ஆவண அறை. உள்ளே நிறையப் பெட்டிகள். ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. வாசலில் ஒரு காவலர் இருக்கிறார். யாரும் நேரே உள்ளே போக முடியாது. எந்தப் பெட்டி வேண்டும், பார்க்கவா திருத்தவா என்று அவரிடம் சொல்ல வேண்டும். கேட்பவரின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்ப்பார். தன் பதிவேட்டில் அந்தப் பெட்டிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, பெட்டியை எடுத்துத் தருவார் அல்லது முடியாது என்பார்.

கணினியில் அந்தக் காவலரின் பெயர் கெர்னல். இயங்குதளத்தின் மையப்பகுதி அது; டிஸ்க்கைத் தொட வேண்டிய எந்த நிரலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கேட்பவர் யார் என்றால், நீங்கள் அல்ல, பிராசஸ். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குத்தான் பிராசஸ் என்று பெயர். நீங்கள் லாகின் செய்ததும் உங்கள் பெயரில் ஓர் அட்டை தயாராகிறது. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு நிரலும் அதன் நகலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுகிறது.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் தினசரிக் குழப்பங்களில் மூன்று இங்கேயே தீர்ந்துவிடும்.

முதலாவது, "என் கோப்பை நான் திறந்தால் திறக்கிறது, வெப் சர்வர் திறந்தால் மறுக்கிறது" என்பது. வெப் சர்வர் உங்கள் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவதில்லை. அதற்கென்றே ஒரு தனிப் பயனர் கணக்கு இருக்கும். நீங்கள் திறந்து பார்த்துச் சோதிப்பதால் அதற்குக் கிடைக்குமா என்று தெரியாது.

இரண்டாவது, "குழுவில் சேர்த்துவிட்டேன், இன்னும் அனுமதி வரவில்லை" என்பது. அட்டை லாகின் நேரத்தில் அச்சாவது. இடையில் குழுவில் சேர்த்தாலும் கழுத்தில் தொங்குவது பழைய அட்டைதான். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்தால் சரியாகும். லினக்ஸிலும் விண்டோஸிலும் இது ஒன்றுபோலவே நடக்கும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சோதனை நடப்பது கோப்பைத் திறக்கும் கணத்தில். ஒரு நிரல் கோப்பை ஏற்கனவே திறந்து வைத்திருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் அனுமதியைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை திறக்கப் போகும்போதுதான் தடுக்கப்படும்.

சுருக்கமாக: அனுமதி என்பது கோப்போடு ஒட்டிய குணம் அல்ல. கேட்கும் பிராசஸின் அடையாளம், கோப்பைப் பற்றிப் பதிவாகியிருக்கும் விவரம், இரண்டையும் ஒப்பிடும் விதி ஆகிய மூன்றும் சேர்ந்து கெர்னல் எடுக்கும் முடிவு. இயங்குதளங்கள் வேறுபடுவது பதிவேட்டின் வடிவத்திலும் ஒப்பிடும் விதியிலும்தான்.

## யூனிக்ஸ் வழி: மூன்றே வரிகள்

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில் பதிவேடு மிகச் சிறியது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு. அனுமதிகள் மூன்று தொகுதி: உரிமையாளருக்கு, குழுவில் இருப்பவர்களுக்கு, மற்ற எல்லோருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று விளக்குகள்: படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். மொத்தம் ஒன்பது பிட்டுகள். லினக்ஸும் மேக்கும் இன்றுவரை இதன் மேல்தான் நிற்கின்றன.

லினக்ஸில் ஒரு கோப்பின் விவரத்தைக் கேட்டால் முதல் பத்து இடங்கள் இப்படித் தெரியும் என்று வைத்துக்கொள்வோம் (ஆர் என்றால் படிக்க, டபிள்யூ என்றால் எழுத, எக்ஸ் என்றால் இயக்க, சிறுகோடு என்றால் இல்லை):

– | ஆர் டபிள்யூ – | ஆர் – – | – – –

முதல் கோடு இது சாதாரணக் கோப்பு என்கிறது. அடுத்த மூன்று இடங்கள் உரிமையாளருக்கு: படிக்கலாம், எழுதலாம். அதற்கடுத்த மூன்று குழுவுக்கு: படிக்க மட்டும். கடைசி மூன்றும் வெறுமை. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்புப் போட்டு ஒவ்வொரு தொகுதியையும் கூட்டினால் 640. எல்லோரும் சொல்லும் 777, 644, 755 எல்லாம் இப்படிக் கூட்டி வந்தவைதான். 777 என்றால் மூன்று தொகுதியிலும் மூன்று விளக்கும் எரிகிறது, அதாவது அந்தக் கணினியில் ஓடும் எந்தக் கணக்கும் அந்தக் கோப்பை மாற்றி எழுதலாம்.

இதில் ஒப்பிடும் விதி கொஞ்சம் விசித்திரமானது. கெர்னல் மூன்று தொகுதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளரா? ஆம் என்றால் முதல் தொகுதிதான் தீர்ப்பு, அதோடு முடிந்தது. இல்லையென்றால், குழுவில் இருக்கிறீர்களா? ஆம் என்றால் இரண்டாவது தொகுதி. அதுவும் இல்லையென்றால்தான் மூன்றாவது. எனவே 044 என்று இருக்கும் கோப்பை ஊரே படிக்கலாம், உரிமையாளரால் மட்டும் முடியாது. (அனுமதியை மாற்றும் உரிமை உரிமையாளரிடம் இருப்பதால் அவர் மாற்றிக்கொள்ளலாம், அது வேறு.)

### ஃபோல்டரில் அர்த்தம் மாறிவிடும்

யூனிக்ஸ் அனுமதிகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான் என்பேன்.

ஃபோல்டர் என்பது உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்ப்பட்டியல். எனவே ஃபோல்டரைப் படிக்கும் அனுமதி என்பது அந்தப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி. எழுதும் அனுமதி என்பது பட்டியலில் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவும் அனுமதி. ஃபோல்டரை "இயக்க" முடியாது. அந்த பிட்டுக்கு இங்கே கடந்து போகும் அனுமதி என்று பொருள்.

இதிலிருந்து வரும் முடிவு பலரை அதிர வைக்கும். ஒரு கோப்பை நீக்குவது என்றால் ஃபோல்டரின் பட்டியலில் இருந்து ஒரு பெயரை அடிப்பது. எனவே நீக்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது ஃபோல்டரின் அனுமதி. கோப்பின் அனுமதி அல்ல. கோப்புக்கு 400 போட்டு, "இனி யாரும் தொட முடியாது" என்று நிம்மதியாக இருந்தால், ஃபோல்டரில் எழுதும் அனுமதியுள்ள இன்னொருவர் அதை ஒரே அடியில் நீக்கிவிடலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. ஆனால் நீக்க முடியும்.

எல்லா நிரல்களும் தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் டெம்ப் ஃபோல்டரில் இது பெரிய ஆபத்து. அதற்காகத்தான் ஸ்டிக்கி பிட் என்ற கூடுதல் குறி. அது இருக்கும் ஃபோல்டரில் யார் வேண்டுமானாலும் கோப்பு உண்டாக்கலாம். ஆனால் ஒரு கோப்பை நீக்க அதன் உரிமையாளராகவோ ஃபோல்டரின் உரிமையாளராகவோ இருக்க வேண்டும். டெம்ப் ஃபோல்டரின் அனுமதி 1777 என்று தெரிவதில் முதலில் நிற்கும் 1 அதுதான்.

கடந்து போகும் அனுமதியும் கவனிக்க வேண்டியது. ஒரு கோப்பை எட்ட, வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் இருக்க வேண்டும். கோப்புக்கு 777 போட்டும் பெர்மிஷன் டினைட் வருகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்: மேலே எங்கோ ஒரு ஃபோல்டர், பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஹோம் ஃபோல்டர், 700 என்று மூடிக் கிடக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு ஃபோல்டருக்கும் அதன் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டளையில் 644 போட்டால், உள் ஃபோல்டர்களில் இருந்த எக்ஸும் போய்விடும். பிறகு உங்களாலேயே உள்ளே நுழைய முடியாது.

### ரூட், செட்யூஐடி, குழு ஃபோல்டர்

பயனர் எண் 0 கொண்ட கணக்கு ரூட். ஒன்பது பிட்டுகள் எப்படி இருந்தாலும் படிக்கவும் எழுதவும் ரூட்டைக் கெர்னல் தடுப்பதில்லை. கட்டளையை வழக்கமாக ரூட்டின் பெயரில் ஓட்டித்தரும் சூடோவைப் போட்டால் எல்லாம் நடப்பது இதனால்தான்.

அப்படியானால் சாதாரணப் பயனர் தன் கடவுச்சொல்லை எப்படி மாற்றுகிறார்? கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம். மற்றவர்கள் எழுத முடியாது. இதற்கான விடை செட்யூஐடி என்ற பிட். அது இருக்கும் நிரலை யார் ஓட்டினாலும், நிரல் தன் உரிமையாளரின் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடும். கடவுச்சொல் மாற்றும் நிரலின் உரிமையாளர் ரூட்; எனவே அந்த ஒரு வேலைக்கு மட்டும் ரூட்டின் கை கிடைக்கிறது. இந்த யோசனைக்கு டென்னிஸ் ரிச்சியின் பெயரில் 1979இல் அமெரிக்கக் காப்புரிமையே வழங்கப்பட்டது. அழகான யோசனைதான், ஆனால் அத்தகைய நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் அது ரூட்டுக்குள் போகும் ஓட்டை. கண்ட நிரலுக்கெல்லாம் இந்த பிட்டைப் போடக் கூடாது.

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் 777 போடத் தூண்டும் முக்கியத் தேவை. அதற்கு ஒரு குழுவை உண்டாக்கி, ஃபோல்டரின் குழுவாக அதை வைத்து, 2770 போடுங்கள். முதலில் நிற்கும் 2 செட்ஜிஐடி பிட். அது இருக்கும் ஃபோல்டரில் உருவாகும் புதிய கோப்புகள் எல்லாம் அந்தக் குழுவின் பெயரிலேயே பிறக்கும். கூடவே யூமாஸ்க்கையும் பார்க்க வேண்டும். புதிய கோப்பு பிறக்கும்போது எந்தெந்த பிட்டுகளை அணைக்க வேண்டும் என்று சொல்லும் எண் அது. வழக்கமான 022 குழுவுக்கான எழுதும் அனுமதியை அணைத்துவிடும். 002 இருந்தால் அது அப்படியே இருக்கும்.

சுருக்கமாக: யூனிக்ஸில் மூன்று தொகுதி, முதலில் பொருந்துவதே தீர்ப்பு. நீக்குவது ஃபோல்டரின் விவகாரம். வழியில் ஒரு ஃபோல்டர் மூடியிருந்தாலும் கோப்பை எட்ட முடியாது.

## விண்டோஸ் வழி: நீளமான பட்டியல்

மூன்று வரிகளில் அடங்காத தேவைகள் உண்டு. "கணக்குப் பிரிவினர் எழுதலாம், தணிக்கையாளர்கள் படிக்கலாம், பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் கூடவே கூடாது" என்பதை ஒரே உரிமையாளர், ஒரே குழு வைத்துச் சொல்ல முடியாது. 1993இல் வந்த விண்டோஸ் என்டி வேறு வழியில் போனது. இன்றைய விண்டோஸ் அதன் வாரிசுதான்.

இங்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுகல் பட்டியல். சுருக்கமாக ஏசிஎல் என்பார்கள். அதில் எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொரு வரியும் மூன்று விஷயம் சொல்லும்: யாருக்கு, என்னென்ன செய்ய, அனுமதியா மறுப்பா. யூனிக்ஸில் "மறுப்பு" என்று எழுத இடமே கிடையாது. அனுமதி இல்லாததுதான் மறுப்பு. விண்டோஸில் வெளிப்படையாகவே மறுக்கலாம்.

"யாருக்கு" என்ற இடத்தில் பெயர் இருக்காது. எஸ்ஐடி என்ற நீண்ட அடையாள எண் இருக்கும். திரையில் பெயராகத் தெரிவது அந்த எண்ணைத் தேடி மாற்றிக் காட்டுவதால்தான். நீக்கப்பட்ட ஒரு கணக்கின் வரி பட்டியலில் எஞ்சியிருந்தால் பெயருக்குப் பதில் அந்த எண்ணே பல்லைக் காட்டும். வைரஸ் என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. பதற ஒன்றும் இல்லை.

ஒப்பிடும் விதிக்கு வருவோம். "மறுப்பு எப்போதும் அனுமதியை வெல்லும்" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. விண்டோஸ் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். கேட்ட உரிமைகள் எல்லாம் கிடைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும், கிடைக்காத ஒன்றுக்கு மறுப்பு எதிர்ப்பட்டாலும் அங்கேயே நிறுத்திவிடும். வழக்கமாகப் பட்டியல் அடுக்கப்படும் வரிசை இது: கோப்பிலேயே எழுதிய மறுப்புகள், கோப்பிலேயே எழுதிய அனுமதிகள், மேல் ஃபோல்டரிலிருந்து வந்த மறுப்புகள், மேல் ஃபோல்டரிலிருந்து வந்த அனுமதிகள்.

ஓர் உதாரணம். "கணக்கு" ஃபோல்டரில் பயிற்சியாளர்கள் குழுவுக்கு மறுப்பு எழுதியிருக்கிறது. அது உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் இறங்குகிறது. அதில் ஒரு கோப்பில் மட்டும், பயிற்சியாளரான மாலாவுக்குப் படிக்க அனுமதி என்று நேரடியாக எழுதுகிறீர்கள். மாலா திறந்தால் திறக்கும். நேரடி அனுமதி வரிசையில் முன்னால் நிற்கிறது. மேலிருந்து இறங்கிய மறுப்புவரை பார்வை போகவே இல்லை.

இப்படி மேல் ஃபோல்டரின் வரிகள் கீழே இறங்குவதற்கு மரபுரிமை என்று பெயர். மேலே ஒருமுறை எழுதினால் உள்ளே இருக்கும் ஆயிரம் கோப்புக்கும் போய்ச்சேரும். விண்டோஸ் நிர்வாகத்தில் இதுதான் பெரிய வசதி, பெரிய தலைவலியும் இதுதான். ஒரு கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் புதிய இடத்தின் அனுமதிகளோடு பிறக்கும். அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். எல்லோரும் பார்க்கும் ஃபோல்டரில் போட்ட கோப்பு யாருக்கும் திறக்கவில்லை என்றால், அது எங்கிருந்தாவது இழுத்து வந்து போடப்பட்டதா என்று கேளுங்கள்.

யூனிக்ஸிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை.

விண்டோஸில் வழியில் இருக்கும் ஃபோல்டர்கள் மூடியிருப்பது, இயல்பான அமைப்பில், கோப்பைக் காக்காது. வழியைக் கடக்கும் சோதனையைத் தாண்டிப்போகும் சலுகை எல்லோருக்கும் ஏற்கனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. முழு முகவரி தெரிந்து, அந்தக் கோப்பின் பட்டியலில் அனுமதியும் இருந்தால் நேரே திறக்கலாம். மேல் ஃபோல்டரை மூடிவிட்டேன் என்ற யூனிக்ஸ் நிம்மதி இங்கே செல்லாது.

அடுத்து, அட்மினிஸ்ட்ரேட்டர் ரூட் அல்ல. பட்டியலில் இடமில்லை என்றால் அட்மினுக்கும் "ஆக்சஸ் டினைட்" வரும். ஆனால் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் சலுகை அவருக்கு உண்டு. உரிமையாளர் ஆனதும் பட்டியலைத் திருத்தி உள்ளே போகலாம். எனவே அட்மினிடமிருந்து ஒன்றை மறைக்க இந்தப் பட்டியல் உதவாது.

கோப்பின் பிராப்பர்ட்டீஸில் "ரீட் ஒன்லி" என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அது அனுமதியா? இல்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் ஒரு குறி அது. எழுதும் உரிமை உள்ளவர் டிக்கை எடுத்துவிட்டுத் தாராளமாக எழுதலாம்.

நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் என்றால் பகிர்வுக்கென்று தனி அனுமதிகள் உண்டு. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

சுருக்கமாக: விண்டோஸில் பட்டியல் நீளமானது, மறுப்பும் எழுதலாம், வரிசை முக்கியம், மேலிருந்து இறங்கும். லினக்ஸிலும் மேக்கிலும்கூடத் தேவைப்பட்டால் ஒன்பது பிட்டுகளோடு ஏசிஎல் சேர்க்கலாம். விவரப் பட்டியலில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் அங்கே கூடுதல் வரிகள் இருக்கின்றன என்று பொருள். கூட்டல் குறி இருக்கும் கோப்பில் மூன்று தொகுதிகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.

## உரிமையாளரையும் மீறும் இரண்டாம் அடுக்கு

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம்: யாருக்குக் கொடுப்பது என்பது உரிமையாளரின் விருப்பம். இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. உங்கள் பெயரில் ஓடும் எல்லா நிரலுக்கும் ஒரே அட்டைதான். எங்கிருந்தோ இறக்கிய ஒரு விளையாட்டு, உங்கள் வங்கி ஆவணத்தைப் படிக்க நினைத்தால், பதிவேட்டின்படி அது நீங்களே படிப்பதற்குச் சமம்.

இதற்கு விடையாக வந்ததுதான் கட்டாயக் கட்டுப்பாடு: உரிமையாளரே நினைத்தாலும் தளர்த்த முடியாத, கணினி அளவில் எழுதிவைத்த விதிகள். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000இல் வெளியிட்ட எஸ்இலினக்ஸ் இதில் பிரபலமானது. ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை. எந்த முத்திரை எதைத் தொடலாம் என்று ஒரு விதித்தொகுப்பு. முதலில் வழக்கமான ஒன்பது பிட் சோதனை, அதில் தேறினால் இந்தச் சோதனை. இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் கோப்பு கிடைக்கும்.

777 போட்டும் திறக்காத மர்மத்தின் இன்னொரு விடை இங்கே இருக்கிறது. ஹோம் ஃபோல்டரில் உருவாக்கிய ஒரு பக்கத்தை வெப் சர்வரின் ஃபோல்டருக்கு நகர்த்துகிறீர்கள். பிட்டுகள் எல்லாம் சரி. ஆனால் நகர்த்திய கோப்பு ஹோம் ஃபோல்டரின் முத்திரையோடே வந்திருக்கிறது. வெப் சர்வருக்கு அந்த முத்திரை ஆகாது. பக்கத்தைப் பார்க்க அனுமதியில்லை என்னும் 403 பிழைதான் மிஞ்சும். நகலெடுத்திருந்தால் புதிய இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். விண்டோஸில் நகர்த்தலும் நகலெடுத்தலும் வேறுபட்ட அதே கதைதான். ரீஸ்டோர்கான் என்ற கட்டளை முத்திரையைச் சரிசெய்துவிடும். ஆனால் இணையத்தில் தேடினால் "எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள்" என்ற அறிவுரைதான் முதலில் வரும். 777இன் அண்ணன் அது.

மேக்கில் இந்த அடுக்கு வேறு உருவத்தில் இருக்கிறது. 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து, சில முக்கியக் கணினிக் கோப்புகளை ரூட்டாலும் மாற்ற முடியாது. 2019இல் வந்த கேட்டலினாவிலிருந்து, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களைத் தொட வரும் செயலிகளுக்கு உங்களிடம் கேட்ட பிறகே வழி. அங்கே கேள்வி "யார் பெயரில் ஓடுகிறது" என்பதோடு நிற்காமல் "எந்தச் செயலி" என்றும் நீள்கிறது. டெர்மினலில் சூடோ போட்டும் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" வந்தால், அனுமதி பிட்டுகளை மாற்றும் சிஎச்மாட் கட்டளையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பெரும்பாலும் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போக வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டு செய்தது சுவாரசியமான தந்திரம். லினக்ஸின் பயனர் எண்ணையே எடுத்து, ஆளுக்கு ஓர் எண் என்பதற்குப் பதில் செயலிக்கு ஓர் எண் என்று ஆக்கிவிட்டது. 10000க்கு மேல் ஒவ்வொரு செயலியும் ஒரு தனிப் "பயனர்". ஒரு செயலி இன்னொன்றின் கோப்பைப் பார்க்க முடியாதது பழைய யூனிக்ஸ் விதியால்தான். அதற்கு மேல் எஸ்இலினக்ஸும் உண்டு.

## ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு

அனுமதி என்பது அந்தந்தக் கெர்னல் எடுக்கும் முடிவு என்றால், கோப்பு வேறு கணினிக்குப் போகும்போது என்ன ஆகும்?

முதல் கேள்வி, பதிவேட்டை எழுத இடம் இருக்கிறதா என்பது. பென் டிரைவ்களில் பொதுவாக இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் வடிவங்களில் உரிமையாளர் என்று எழுதவே இடமில்லை. விண்டோஸில் அந்த டிரைவின் கோப்புகளுக்குச் செக்யூரிட்டி டேப் காணாமல் போகும். லினக்ஸ் எல்லாக் கோப்புக்கும் ஒரே உரிமையாளர், ஒரே அனுமதி என்று ஒப்புக்குக் காட்டும். அதில் சிஎச்மாட் செய்து பயனில்லை.

இடம் இருந்தாலும் எழுதியிருப்பது பெயர் அல்ல, எண். லினக்ஸில் முதல் பயனரின் எண் பெரும்பாலும் 1000, மேக்கில் 501. உங்கள் லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால், அங்கே 1000 யாரோ அவர்தான் உங்கள் கோப்புகளின் உரிமையாளராகத் தெரிவார். நிரல்களைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் அடிக்கடி வரும் குழப்பமும் இதுதான்: உள்ளே ரூட்டாக ஓடும் நிரல் வெளியே உள்ள ஃபோல்டரில் எழுதினால், வெளியே அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகி, உங்களால் திருத்த முடியாமல் நிற்கும்.

வாகனமும் முக்கியம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் தொகுப்பு யூனிக்ஸ் பிட்டுகளைச் சுமந்து செல்லும். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அவற்றில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்ளும்: இயக்கலாமா கூடாதா என்பது. மற்றவை வந்து சேரும் இடத்தின் யூமாஸ்க்கைப் பொறுத்தவை. எனவே ரகசியச் சாவிக் கோப்பின் 600 அனுமதி கிட் வழியாக வந்து சேரும் என்று நம்ப முடியாது. (சாவிக் கோப்பை கிட்டில் போடவே கூடாது என்பது வேறு விஷயம்.) வந்து சேர்ந்த சாவி 644 ஆக இருந்தால், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுக்கும், அளவுக்கு மீறித் திறந்திருப்பதும் பிழை என்று நம்மிடம் சொல்லும் அபூர்வ நிரல்களில் அது ஒன்று.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டினால் இன்னொரு விஷயமும் நடக்கிறது. அங்கே ரூட்டாக இருப்பவருக்கு எல்லாமே திறந்த புத்தகம். உங்கள் கெர்னல் ஓடாத இடத்தில் அது எழுதிய பதிவேட்டை மதிக்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. களவுபோகும் லேப்டாப்பிலிருந்து தரவைக் காப்பது அனுமதிகளின் வேலை அல்ல; பிட்லாக்கர், ஃபைல்வால்ட், லக்ஸ் போன்ற டிஸ்க் மறையாக்கத்தின் வேலை.

## பிழை வந்தால் எங்கே பார்ப்பது?

பிட்டுகளைத் தொடுவதற்கு முன் பிராசஸைப் பாருங்கள். அந்த நிரல் யார் பெயரில் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டாலே முக்கால்வாசி வழக்கு முடிந்துவிடும். லினக்ஸில் பிராசஸ் பட்டியலில் முதல் பத்தியிலேயே பெயர் தெரியும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில்.

அந்தப் பயனராகவே திறந்து பாருங்கள். லினக்ஸில் சூடோவுக்கு ஒரு பயனரின் பெயரைக் கொடுத்து அவராகக் கட்டளையை ஓட்டலாம். நீங்கள் ரூட்டாக இருந்துகொண்டு சோதித்தால் எதுவும் தெரியாது. ரூட்டுக்கு எல்லாம் திறக்கும். விண்டோஸில் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, எஃபெக்டிவ் ஆக்சஸ் என்று போய்ப் பயனரின் பெயரைக் கொடுத்தால், பட்டியலின் எல்லா வரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு அவருக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்று காட்டும். பலர் கண்டுகொள்ளாத, மிகப் பயனுள்ள டேப் அது.

லினக்ஸில் அடுத்தது வழி. முழு முகவரியையும் எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக எக்ஸ் இருக்கிறதா என்று இறங்கி வாருங்கள். நேம்ஐ என்ற கட்டளை இதை ஒரே மூச்சில் காட்டும். கடைசிக் கோப்பின் பிட்டுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். அடைப்பு இரண்டு ஃபோல்டர் மேலே இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, கூட்டல் குறியும் இல்லாமல், இன்னும் மறுக்கிறது என்றால் இரண்டாம் அடுக்கைத் தட்டுங்கள். எஸ்இலினக்ஸ் தான் மறுத்தவற்றில் பெரும்பாலானவற்றை, எந்த முத்திரை எந்த முத்திரையைத் தொட வந்தது என்பதோடு, தணிக்கைப் பதிவில் ஒரு வரியாக எழுதிவைக்கும். பிழை வந்த நேரத்தை வைத்துத் தேடினால் அந்த வரி பெரும்பாலும் அங்கே இருக்கும்.